அணைத்து வைத்த திரை

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்கு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வந்த முதல் நாளே தமது கணிப்பொறியின் திரையை அணைத்துவிட்டார். அன்று மாலைக்குள் அவரது மேசையைக் கடந்துபோன மூன்று பேராவது, "இன்னும் உங்களுக்கு மெஷின் தரவில்லையா?" என்று அனுதாபத்தோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். அவரது விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் அவரது ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். அந்தி நேரத்து ஆலமரத்தடியில் நிற்பது போலிருந்தது. ஒரே கீச்சொலி, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நாம் சாதாரணமாகப் பேசும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொற்கள் பேசுகிறோம். கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் 400க்கு மேலும் வைத்துக் கேட்பார்கள். "மெதுவா வைக்கட்டுமாண்ணே?" என்று சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தார். அப்போதுதான் தெரிந்தது, அவர் கேட்டுக்கொண்டிருந்தது முதல் நாள் நான் எழுதிய நிரல். "அறுபத்து மூணாவது வரியில ஒரு பிராக்கெட் மூடாம கெடக்கு, பாத்தியளா?" என்றார். இரண்டு கண்களும் பெரிய திரையும் உள்ள எனக்கு அதைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று.

வியப்பூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பார்வையற்றவர்களின் திறமையைக் கண்டு வியப்பது நமக்கு ஒரு சௌகரியமான பழக்கம். வியந்து முடித்த கையோடு நம் பொறுப்பும் தீர்ந்ததாக எண்ணிக்கொள்கிறோம். அவரது திறமையை விட்டுவிட்டு அவர் கையிலிருந்த கருவியைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

எடிட்டர் என்றதும் பத்திரிகை ஆசிரியரை நினைத்துக்கொள்ளும் இலக்கிய வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். நிரலாளர்கள் நிரலை எழுதவும் திருத்தவும் பயன்படுத்தும் மென்பொருளுக்கு டெக்ஸ்ட் எடிட்டர் என்று பெயர். உரைத்தொகுப்பி என்று தமிழாக்கியிருக்கிறார்கள், புழக்கத்தில் எடிட்டர்தான். தச்சனுக்குப் பட்டறை எப்படியோ நிரலாளனுக்கு அது அப்படி. அவனுடைய பகற்பொழுதின் பெரும்பகுதி அதற்குள்தான் கழிகிறது. அதற்குள் நுழைய முடியாதவன் எவ்வளவு கணிதம் கற்றிருந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் நிரல் என்பது வெறும் எழுத்து. ஓவியம் போலக் கண்ணை நம்பிப் பிறந்ததல்ல. எழுத்தை ஒலியாக்கலாம், புள்ளிகளாக்கி விரலால் தடவலாம். அதனால்தான் பார்வையற்றவர்கள் கணிப்பொறித் துறைக்குள் வெகு ஆரம்பத்திலேயே வந்துவிட்டார்கள். 1959இல் ஐ.பி.எம். வெளியிட்ட 1403 என்ற அச்சுப்பொறியில் ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். நெகிழும் பட்டை ஒன்றைப் பொருத்தி, முற்றுப்புள்ளியை மட்டும் வேண்டிய இடங்களில் அடிக்கவைத்தால் காகிதத்தில் புள்ளிகள் புடைத்து நிற்கும். பிரெய்ல் தயார். முற்றுப்புள்ளிகளால் மட்டுமே ஆன பக்கங்கள்! நம் நவீன கவிஞர்கள் இன்னும் இதை முயன்று பார்த்ததாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் தனிநபர் கணிப்பொறிகளும் பார்வையற்றவர்களுக்கு அவ்வளவு அந்நியமாக இருக்கவில்லை. கறுப்புத் திரை, வரிக்கு 80 எழுத்து, 25 வரி. ஆகமொத்தம் 2000 எழுத்துகளும் கணிப்பொறியின் நினைவகத்தில் எழுத்துகளாகவே இருந்தன. பேசும் மென்பொருள் ஒன்று அங்கே போய் அவற்றை எடுத்து வாசித்தால் போதும். திரைவாசிப்பான் என்று இன்று நாம் சொல்லும் வகையின் தொடக்கம் அதுதான்.

1990இல் விண்டோஸ் 3.0 வந்து பரவியபோது இந்த ஏற்பாடு குலைந்தது. திரையில் இருந்த எழுத்து சித்திரமாகிவிட்டது. 'அ' என்ற எழுத்துக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்துக்கும் கணிப்பொறியின் பார்வையில் வேறுபாடில்லை. இரண்டும் வண்ணப் புள்ளிகளின் கூட்டம். அதுவரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பார்வையற்ற நிரலாளர்கள் பலருக்கு, அலுவலகத்துக்குப் புதிய கணிப்பொறி வருகிறது என்ற செய்தி தங்கள் வேலை போகிறது என்ற செய்தியாகவே கேட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978இல் கார் விபத்தில் பார்வையை இழந்து நிரலாளரானவர் டெட் ஹெண்டர். அவருடைய நிறுவனம் உருவாக்கிய ஜாஸ் என்ற திரைவாசிப்பான் 1995இல் விண்டோஸுக்கும் வந்தது. எந்த மென்பொருள் திரையில் எதை வரைகிறது என்பதை இடையில் நின்று ஒட்டுக்கேட்டு, வரையப்பட்டதிலிருந்து எழுத்தை மீட்டெடுக்கும் வேலை அது. மாபெரும் உழைப்பு. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் பேச்சைச் சுவருக்கு வெளியே நின்று கேட்டு எழுதுவதுபோன்ற உழைப்பு.

பிறகு நிலைமை சற்றுச் சீர்பட்டது. மென்பொருள்கள் தம் உள்ளே இருப்பவற்றைத் தாமே திரைவாசிப்பானுக்குச் சொல்வதற்கான முறைகளை இயங்குதளங்கள் வகுத்தன. மைக்ரோசாஃப்ட் 1997இல் அவ்வாறு ஒன்றை வெளியிட்டது. இது பொத்தான், இதன் பெயர் 'சேமி'; இது பட்டியல், இதில் ஏழு வரிகள் என்று மென்பொருள் சொல்லும், திரைவாசிப்பான் அதைக் குரலாக்கும். தமிழ் வாசகர்களுக்கு இரட்டைப் புலவர் கதை தெரிந்திருக்கும். பார்வையற்றவர் தோளில் கால் முடமானவர் அமர்ந்து வழி சொல்ல, இருவருமாக ஊர் ஊராகப் போய்ப் பாடியதாகச் சொல்வார்கள். மேலே இருப்பவர் கண்டதைச் சொன்னால்தான் கீழே இருப்பவர் அடி எடுத்து வைக்க முடியும். திரைவாசிப்பானின் நிலையும் இதுதான். மேலே இருக்கும் மென்பொருள் வாயே திறக்காவிட்டால்?

வாய் திறக்காத எடிட்டர்கள் உண்டு. அழகுக்கும் வேகத்துக்கும் பேர்போன சப்லைம் டெக்ஸ்ட் 2008இல் வந்தது. தன் எழுத்துகளைத் தானே வரைந்துகொள்ளும் அது, பல்லாண்டுக் காலம் திரைவாசிப்பானிடம் எதையும் சொல்லவில்லை. ஆயிரம் வரி நிரல் திறந்திருக்கும்போதும் காதுக்கு அது காலிச் சாளரம். அதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். ஒருவேளை அணைத்து வைத்த திரையின் முன் அமர்ந்து வேலை செய்பவர் ஒருவரை அவர்கள் அருகிலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கேதான் டி.வி. ராமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1965இல் பூனாவில் பிறந்தவர். பதினான்காம் வயதில் கண் அழுத்த நோயால் பார்வை முற்றாகப் போயிற்று. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1994இல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, கணிதச் சமன்பாடுகளைக் காதுக்குப் புரியும்படி ஒலிக்கச்செய்வது பற்றியது. ஓர் எண்ணின் தலைமேல் சிறிதாக எழுதும் அடுக்கெண்ணை அவரது மென்பொருள் குரலைச் சற்று உயர்த்தி உச்சரித்தது. உயரத்தில் எழுதியதை உயர்ந்த ஸ்வரத்தில் சொல்வது. எவ்வளவு எளிமையான யோசனை! அந்த மென்பொருளுக்கு ஆஸ்டர் என்று பெயர். அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும் அதுதான்.

அடுத்த ஆண்டு, 1995இல், ஈமாக்ஸ்பீக் என்ற ஒன்றை அவர் வெளியிட்டார். ஈமாக்ஸ் என்பது எழுபதுகளிலிருந்து வளர்ந்துவந்த புகழ்பெற்ற எடிட்டர். ரிச்சர்ட் ஸ்டால்மனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அதன் சிறப்பு, அதன் எந்த உறுப்பின் செயலையும் பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ளலாம் என்பது. ராமன் இதைப் பிடித்துக்கொண்டார். ஈமாக்ஸின் மூல நிரலில் கைவைக்காமல், அதன் ஒவ்வொரு கட்டளையின் வாலிலும் பேச்சைக் கட்டிவிட்டார். அடுத்த வரிக்குப் போ என்றால் அது போகும். போனபின் அந்த வரியைச் சொல்லும்.

இதில் அப்படி என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். ராமனே தரும் உதாரணம் நாள்காட்டி. திரையில் ஒரு மாதத்தின் கட்டங்கள். நம் குறி ஒரு கட்டத்தில் நிற்கிறது. திரையை வாசிக்கும் மென்பொருள் அங்கே தெரிவதைச் சொல்லும்: "பதினைந்து". எந்த மாதத்துப் பதினைந்து? என்ன கிழமை? கண் உள்ளவர் ஓரப்பார்வையில் மேலே உள்ள தலைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். காதுக்கு ஓரப்பார்வை கிடையாது. ஆனால் அது எந்த ஆண்டு, எந்த மாதம், என்ன கிழமை என்பதெல்லாம் ஈமாக்ஸுக்கு உள்ளுக்குள் தெரியும். ஈமாக்ஸ்பீக் அங்கிருந்து கேட்டு வாங்கி முழுத் தேதியாகச் சொல்லிவிடும்.

நிரலிலும் அப்படியே. நிரலின் சொற்களை அவற்றின் பணிக்கேற்ப நிறம் பிரித்துக் காட்டுவது எடிட்டர்களின் வழக்கம்: குறிப்புரை ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருப்பது ஒரு நிறம், மொழியின் சொந்தச் சொற்கள் இன்னொரு நிறம். ராமன் நிறத்துக்குப் பதில் குரலைப் பிரித்தார். குறிப்புரையை ஒரு குரல் படிக்கும். கட்டளைச் சொல் வந்தால் குரல் மாறும். கோப்பைத் திறந்தால் ஒரு சிற்றொலி, மூடினால் வேறொன்று. நம் வானொலி நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். யார் பேசுகிறார் என்று அங்கே அறிவித்துக்கொண்டா இருந்தார்கள்?

எடிட்டருக்குத் தெரிந்தது எல்லாம் காதுக்கும் தெரிய வேண்டும்; திரையில் தெரிவது மட்டும் போதாது. முப்பது ஆண்டுகளாக அந்த மென்பொருள் வாதிட்டுவருவது இதைத்தான். இன்றும் நாம் முழுமையாக ஒப்புக்கொள்ளாதது என்றும் இதையே சொல்வேன். 'திரையில் உள்ளதைப் படித்துக் காட்டிவிட்டோமே, இன்னும் என்ன?' என்ற மனோபாவம் போகவில்லை. திரை என்பது பொருளின் ஒரு தோற்றம். ஒலி அதே பொருளின் இன்னொரு தோற்றமாக இருக்க வேண்டும். முதல் தோற்றத்தைப் பார்த்து இரண்டாவதைப் படியெடுத்தால் கிடைப்பது நிழலின் நிழல்.

ஈமாக்ஸ் எல்லோருக்கும் உரியது என்று சொல்ல வரவில்லை. அதன் விசைக்கூட்டுகளைக் கற்பது சந்த இலக்கணம் கற்பதற்குச் சமானம். அதற்கு நேர் எதிர்த் துருவத்தில் எட் என்றொரு எடிட்டர் இருக்கிறது. 1969இல் கென் தாம்ப்ஸன் எழுதியது. திரைகள் பரவாத, தட்டச்சுப்பொறி போன்ற கருவியில் கணிப்பொறியோடு உரையாடிய காலத்துக் கருவி. கேட்டால் கேட்ட வரியை மட்டும் காட்டும். தவறு செய்தால் ஒரு கேள்விக்குறி போடும், அவ்வளவே. பார்வையுள்ளவர்கள் அதை வைத்து எத்தனையோ நகைச்சுவை எழுதியிருக்கிறார்கள். ஆனால் பார்வையற்ற நிரலாளரான கார்ல் டால்கே, எட்பிரவுஸ் என்ற மென்பொருளை அதன் வழியிலேயே அமைத்தார். எடிட்டரும் அதுவே, இணைய உலாவியும் அதுவே. கேட்காதவரை மௌனமாக இருப்பதும், கேட்டபோது கேட்டதை மட்டும் சொல்வதும் காதால் வேலை செய்பவனுக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை. கண்ணுக்கு இமை உண்டு, வேண்டாதபோது மூடிக்கொள்ளலாம். காதுக்கு அது இல்லை.

பைத்தான் மொழியின் கதை இதைவிட வேடிக்கையானது. 1991இல் வெளிவந்த அம்மொழியில் நிரலின் பகுதிகளை அடைப்புக்குறிகளால் பிரிப்பதில்லை. வரியின் தொடக்கத்தில் எத்தனை இடைவெளி விட்டிருக்கிறது என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது. நான்கு இடைவெளி விட வேண்டிய இடத்தில் எட்டு விட்டால் அர்த்தம் மாறிவிடும், அல்லது நிரல் ஓடாது. வெற்றிடத்தைக் கண் நொடியில் அளந்துவிடுகிறது. காது மௌனத்தை எப்படி அளக்கும்? பார்வையற்றவர்களுக்கு இம்மொழி ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர், ஆயிரம் டாலரை ஒட்டிய விலையில் விற்ற வணிகத் திரைவாசிப்பான்களுக்கு மாற்றாக 2006இல் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கியபோது தேர்ந்துகொண்ட மொழி பைத்தான்! அந்த மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது. வரி எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறதோ அவ்வளவு உயர்ந்த சுருதியில் ஒரு ஒலி எழும். என் நண்பர் நிரலின் ஊடே இறங்கிப் போகையில் கேட்கும் அந்த ஸ்வர வரிசையை வைத்தே, எங்கே ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சொல்லிவிடுவார். "ஸ்வரம் தப்பினா பிழை இருக்குன்னு அர்த்தம்ணே."

2015இல் வெளிவந்த விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரை இங்கே பாராட்டத்தான் வேண்டும். உலாவித் தொழில்நுட்பத்தில் கட்டப்பட்ட அது, பார்ப்பவருக்கு வரிகளை அழகாக வரைந்து காட்டுகிறது. அந்த வரைவு திரைவாசிப்பானுக்கு உதவாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துப்பெட்டியை உள்ளே ஒளித்துவைத்து, நிரலின் அந்தந்தப் பகுதியை அதில் இட்டுக் காதுக்குக் கொடுக்கும் உத்தியைப் பல ஆண்டுகள் கையாண்டார்கள். பின்னர், பிழையுள்ள வரிக்கு வந்ததும் ஒரு சிற்றொலி எழும்பும்படி செய்தார்கள். ராமன் தொண்ணூறுகளில் செய்தது கால் நூற்றாண்டு கழித்துப் பெருவழிக்கு வந்து சேர்ந்தது. தாமதந்தான், ஆனால் பெருவழிக்கு வந்ததே முக்கியம். பார்வையற்றவர்களுக்கென்றே தனி எடிட்டர் செய்து கொடுத்துவிடலாமே என்று சொல்லும் நல்லெண்ணக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிரலாக்கம் கூட்டு வேலை. ஐந்து பேர் ஓர் அறையிலும் ஆறாமவர் தனியறையிலும் அமர்ந்து செய்ய முடியாது. ராமன்கூடப் புதிய எடிட்டர் எழுதவில்லை. எல்லோரும் பயன்படுத்திய ஒன்றுக்குக் குரல் கொடுத்தார்.

என் நண்பருக்கு நேர்ந்ததும் இந்தத் தனியறைதான். நாங்கள் வேலை பார்த்த நிறுவனம், நிரல்களை எழுதுவதற்கும் பரிசீலிப்பதற்கும் தானே ஒரு கருவியை உருவாக்கி, குறிப்பிட்ட தேதி முதல் அனைவரும் அதையே பயன்படுத்த வேண்டுமென்று ஆணையிட்டது. பெட்டிகளும் அம்புக்குறிகளுமாகப் பார்க்க அழகாக இருந்தது. சுட்டியால் இழுத்து இழுத்துப் பொருத்த வேண்டும். அவரது ஹெட்போனில் "பட்டன், பட்டன், பட்டன்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பொத்தான்களுக்குப் பெயரிட யாருக்கும் தோன்றவில்லை. விண்ணப்பித்தார். அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார்கள். அடுத்த பதிப்பில் அம்புக்குறிகளின் நிறம் மாறியிருந்தது. அதற்கிடையில் அவரைச் சோதனைப் பிரிவுக்கு ஆவணங்கள் எழுத அனுப்பினார்கள். மிகுந்த கனிவோடுதான் அனுப்பினார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நேற்றுவரை என் பிழையைக் கண்டுபிடித்த மனிதர் ஒரு தேதிக்குப் பின் உதவி தேவைப்படுபவர் ஆகிவிட்டார். அவருடைய கண்ணிலோ காதிலோ இடையில் எந்த மாற்றமும் நிகழவில்லை. எட்டு மாதங்களில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அங்கே வழக்கமான எடிட்டர்தான். நன்றாக இருக்கிறார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணுகல் பற்றிய விதிகள் இருக்கின்றன. பொத்தானுக்குப் பெயரிடு என்று பட்டறைக்குள் வந்து யாரும் சொல்வதில்லை. ஒரு பொத்தானுக்குப் பெயரிட ஒரு நிரலாளருக்குச் சில விநாடிகள் போதும்.

இப்போது புதிய நெருக்கடி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நாம் ஒரு வரி எழுதத் தொடங்கியதும் செயற்கை நுண்ணறிவு மிச்சத்தை ஊகித்து, மங்கிய சாம்பல் நிறத்தில் முன்கூட்டியே காட்டுகிறது. கண் அதை ஏற்கலாம், கவனிக்காமலும் விடலாம். காதில் அது என்னவாக ஒலிக்க வேண்டும்? நான் எழுதியதற்கும் இயந்திரம் ஊகித்ததற்கும் ஒரே குரலா? ராமன் விடை சொல்லிய கேள்விதான். அவ்விடையைத் தேடிப் படிப்பவர் எத்தனை பேர் என்பதுதான் என் சந்தேகம்.

இந்த விஷயத்தில் நாமும் யோக்கியர்கள் அல்லர். ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ்ப் பக்கங்கள் வந்துகொண்டிருந்த நாள்களில், திரைக்குத் தமிழாகத் தெரிந்தது உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியலாக இருந்தது. திரைவாசிப்பான் அதைக் குழறிப் படித்தது. யூனிகோட் வந்து அதைச் சரிசெய்தது. ஈஸ்பீக் போன்ற இலவசக் குரல்கள் இன்று தமிழை ஓரளவு நன்றாகவே வாசிக்கின்றன. ஆனால் பழைய சிற்றிதழ்களை நாம் பெருமையோடு மின்வடிவில் சேமித்து வைத்திருப்பது பெரும்பாலும் புகைப்படங்களாகத்தான். பக்கத்தைப் படம் பிடித்து அடுக்கியிருக்கிறோம். அவற்றில் எழுத்து இல்லை, எழுத்தின் சித்திரம் இருக்கிறது.

போன மாதம் நண்பர் தொலைபேசியில் அழைத்து, எழுபதுகளின் சிற்றிதழ் ஒன்றில் வந்த சிறுகதையைக் கேட்டிருந்தார். பெருமையாகக் கோப்பை அனுப்பிவைத்தேன். பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார். "அண்ணே, பதினாலு பக்கமும் காலியா இருக்கே?" என்றார். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளில் இட்டுப் பார்த்தேன். மங்கிய அச்சு, பாதிக்குமேல் பிழை. இப்போது இரவில் அமர்ந்து அக்கதையை எடிட்டரில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஆறு பக்கம் முடிந்திருக்கிறது.